நான் இளக்கிவிட்ட ஸ்பிரிங்

அன்பு யோகன் அத்தான்,

நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் அனுப்பினால் போதும், உங்களுக்கு விளங்கிவிடும். இப்போது எழுதுகிறேன். உங்களிடம் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதை மற்றவர்களும் கேட்கட்டும் என்றுதான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் போடச்சொல்லிக் கொடுக்கப்போகிறேன்.

உங்கள் வண்டி எங்கள் கராஜுக்கு வந்தது அத்தான்.

மலை ஹோட்டலின் அந்த மஞ்சள் பனிவண்டி. இங்கே மொத்தோஸ்லித்தா என்கிறார்கள். முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, அடியில் ரப்பர் பெல்ட், மேலே மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு இருக்கை. மூன்று குளிர்காலம் நீங்கள் ஓட்டிய வண்டி. ஒக்டோபர் கடைசி, பலேர்மோவில் இன்னும் சனம் அரைக்கைச் சட்டையோடு திரிகிறது. துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் தெருவில், நாப்போலிக் கப்பலுக்கு வரிசையில் நிற்கும் லொறிகளுக்கு நடுவே, பனிவண்டி ஒன்று வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? எதிர்க்கடைக் கிழவர் கதிரையை வெளியே இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சிஞ்ஞொரீனா, இதை மொண்டெல்லோ மணலிலயா ஓட்டப்போறாய்?”

“இல்லை, உங்கட வீட்டுப் படியில.”

நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் இன்னொன்று சேர்த்துச் சொல்லியிருப்பீர்கள்.

வண்டியோடு ஒரு பெட்டியும் வந்தது. உள்ளே நான்கு புது ஷொக் அப்சோர்பர். முன்சறுக்குக்கு இரண்டு, பெல்டுக்குள் இரண்டு. பக்கத்தில் தனி வாயுக் குப்பி, கையால் திருப்பி இறுக்கவும் இளக்கவும் ஒரு குமிழ், தடித்த ஸ்பிரிங். இந்த நாட்டில் கிடைப்பதில் நல்ல சாமான் என்று சால்வோ விசிலடித்தார். சால்வோ என் முதலாளி, உங்களுக்குத் தெரியும். அவர் விசிலடிப்பதென்றால் விலையும் நல்ல விலை.

இரண்டு குளிர்காலமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது அதுதானே? கடைசியில் வந்தேவிட்டது. எப்படி வந்தது என்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கோபத்தை என்னிடம் விடுங்கள், என்னிடம் நிறைய இடம் இருக்கிறது.

பங்குனியில் உங்களுக்குப் பின்னால் இருந்து வந்த மிலானோக்காரர் ஒருவர் நினைவிருக்கிறதா? சின்னப் பாலத்துக்கு அங்கால் பனி உறைந்து கிடந்த பள்ளத்தில் வண்டி விழுந்த அன்றைக்கு. அவருக்கு நாக்குக் கடிபட்டு, குண்டி எலும்பு நொந்துபோனது. ஹோட்டலில் ஐஸ் வைத்தார்கள், மருத்துவரை மேலே வரவழைத்தார்கள், இரண்டு நாள் அறை வாடகை வேண்டாம் என்றார்கள். அப்படியிருந்தும் அவர் ஊருக்குப் போய் இணையத்தில் ஒரேயொரு நட்சத்திரம் போட்டு, ‘இந்த வண்டி ஒரு சித்திரவதை’ என்று எழுதிவிட்டார். அதை ஹோட்டல் முதலாளி கோடை முழுக்க வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுதான் புது ஷொக்.

அதே பள்ளம், அதே அடி. அவருக்கு முன்னால் இருந்தவர் நீங்கள். உங்களுக்கு முள்ளந்தண்டில் ஒரு எலும்பு நசிந்தது. உங்களுக்கு நட்சத்திரம் போட ஒரு இடம் இருந்திருக்கவில்லை.

அந்த முதலாளியை எல்லோரும் டொத்தோரே என்று கூப்பிடுவார்கள். மருத்துவரும் இல்லை, ஒன்றும் இல்லை, வெள்ளைச் சட்டை போட்டவன் என்றால் இங்கே டொத்தோரேதான். நீங்கள் முதல்முறை கேட்டபோது அவர் என்ன சொன்னார் என்று நீங்களே நடித்துக் காட்டினீர்கள். “ஜொவாண்ணி,” — உங்கள் பெயர் யோகன் என்று அவருக்கு மூன்று வருடமாக வாயில் வரவில்லை — “கீழ இருக்கிறது பனி. மெத்தை. மெத்தையில ஓடுற வண்டிக்கு ஷொக் எதுக்கு?”

பனியைப் பார்க்காதவர்கள் அதை மெத்தை என்றுதான் நினைப்பார்கள். ஊரில் எங்கள் மல்லாவிச் சனமும் அப்படித்தான் நினைக்கும். ஆனால் அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். மத்தியானம் வெயிலில் இளகி, நாலு மணிக்குத் திரும்ப உறைந்தால் அந்தப் பாதை கிடங்கும் மேடுமாய்க் கல்லுப்போல இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? மதோனியே மலையில் அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டருக்குக் கார் போகாது. வருகிற ஆட்கள், பெட்டிகள், காஸ் சிலிண்டர், மேசைவிரிப்பு மூட்டை எல்லாம் உங்கள் முதுகு வழியாகத்தான் மேலே போயின. ஒரு நாளைக்குப் பதினைந்து நடை. நீங்கள் மேசைவிரிப்பை மடித்து இருக்கையில் போட்டு அதற்கு மேல் இருந்தீர்கள். அதையும் அவர் கண்டுபிடித்து, கறைபடும் என்று எடுத்துவிட்டார்.

நான் இப்போது சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை. அவரைத் திட்டுவது சுகமான வேலை, அதை எவ்வளவு நேரமும் செய்யலாம். சொல்ல வந்தது என்னைப் பற்றி.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அபியும் நானும் பனி பார்க்க மேலே வந்தோம். அபி பனியைத் தொட்டுவிட்டு “மம்மா, ப்ருச்சா, சுடுது” என்று அழுதாள். நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மெக்கானிக் மச்சாள், இந்த வண்டியை ஒருக்காப் பாருமன். முதுகு கழண்டு கையில வருது” என்றீர்கள். பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன கிரீஸ் வேலை என்று இந்த ஊர்த் தமிழ்ச்சனம் முழுக்கக் கேட்டபோது, எனக்கு மெக்கானிக் என்று பட்டம் வைத்து மரியாதையாகக் கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள். நான் பறந்துபோய்ப் பார்க்காமல் விடுவேனா?

பின்கொட்டிலில் வண்டியைத் தூக்கி வைத்தோம். ஷொக் நாலிலும் எண்ணெய் கசிந்திருந்தது. மாற்றவேண்டியது. மாற்ற எங்களிடம் என்ன இருந்தது? ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிற வளையத்தைத் திருப்பும் வளைந்த சாவி ஒன்று என் பையில் இருந்தது, அவ்வளவுதான். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பலேர்மோவில் கருங்கல் பாவின தெருக்களில் ஓடும் ஸ்கூட்டர்க்காரர்கள் குலுக்குது என்று வந்தால் நாங்கள் வளையத்தை இளக்கிவிடுவோம். ஸ்பிரிங் இளகும், வண்டி மெதுமெதுவென்று போகும், ஆள் சந்தோசமாய்ப் போவார். அதையேதான் செய்தேன். நாலு வளையத்தையும் கடைசிப் புரி வரைக்கும் இளக்கினேன். கை விறைத்து, சாவி இரண்டுமுறை நழுவி, என் விரல் மூட்டுத் தோல் உரிந்தது. நீங்கள் உங்கள் கையுறையைக் கழற்றித் தந்தீர்கள்.

பிறகு தனியே ஏறி, கொட்டிலைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தீர்கள். “வெண்ணெய்! வெண்ணெய்!” என்று கத்திக்கொண்டு வந்தீர்கள். அந்த ஒரு வட்டத்தைத்தான் நாங்கள் சோதனை என்று நினைத்தோம்.

போன கிழமை அந்தப் பழைய ஷொக்கை நான்தான் கழற்றினேன். கழற்றி, மேசையில் வைத்துப் பிரித்தேன். அடியில் முட்டாமல் காக்கிற ரப்பர் இருக்குமே, அது பிஸ்கற் மாதிரிப் பொடிந்துபோயிருந்தது. தண்டில் நுனிவரைக்கும் கீறல். அதாவது ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, இரும்பும் இரும்பும் முட்டியிருக்கிறது. புதுப் பெட்டியோடு வந்த தாளில் எழுதியிருந்தது: ஓட்டுகிறவரும் முழுச் சுமையும் ஏறிய பிறகுதான் வளையத்தைச் சரிசெய்யவேண்டும்; பாரம் கூடக்கூட இறுக்கவேண்டும்; இளகிய ஸ்பிரிங் பாரத்தோடு அடிதட்டும்.

ஸ்கூட்டரில் ஒரு ஆள் போவார். உங்கள் வண்டியில் நீங்கள், உங்களுக்குப் பின்னால் ஒரு விருந்தாளி, பின்தட்டில் அவருடைய பெட்டிகள், இழுவைச் சறுக்கில் சிலிண்டர். வெறும் வண்டியில் வெண்ணெய். பாரம் ஏறினால் ஸ்பிரிங் முதலே பாதி அமுங்கிவிடும், பிறகு பள்ளம் வந்தால் அமுங்க இடமில்லை. அடி நேரே இருக்கைக்கு வரும். இருக்கையில் இருந்து உங்கள் முதுகுக்கு.

உதவி என்று நினைத்து நான் செய்தது உங்களுக்கு மேலும் அடி வாங்கித் தந்தது அத்தான். மாசியில் நான் இளக்கினேன். பங்குனியில் உங்கள் எலும்பு நசிந்தது.

அன்றைக்கு மேசைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சால்வோ வந்து பார்த்தார். அவர் ஒரு விஷயத்தையும் சுற்றிவளைத்துக் கதைக்கமாட்டார்.

“ஆர் இதை இவ்வளவு இளக்கினது? இவன் என்ன கழுதையா?”

“நான்தான்.”

அவர் ஒரு துணியை எடுத்தார். பிறகு தண்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இதில எண்ணெய் போய் ரெண்டு வருசம் இருக்கும் துஷி. நீ இறுக்கி வைச்சிருந்தாலும் இது செத்த ஷொக்தான்.”

“ஆனா நான் இறுக்கேல்லை.”

“இல்லை. நீ இறுக்கேல்லை.”

அவர் எனக்காகப் பொய் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

டொத்தோரே தொலைபேசியில் சால்வோவிடம் சொல்லியிருந்தார், பழையதை எறிந்துவிடச் சொல்லி. இரண்டு தரம் சொன்னாராம். பழைய இரும்பை எறியச்சொல்லி எந்த முதலாளியாவது இரண்டு தரம் சொல்வாரா? ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அக்கா பத்ரொனாத்தோ என்கிற தொழிலாளர் உதவி அலுவலகத்துக்குப் போய்வருவது அவர் காதுக்கும் எட்டியிருக்கும்.

அது உங்களுக்குத் தெரியாத செய்தி. நீங்கள் போனபிறகு நடந்தது.

பள்ளத்தில் விழுந்த அன்றைக்கு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வேலையில் பட்ட காயம் என்று எழுதினால் அடுத்த குளிருக்குக் கூப்பிடமாட்டார்கள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் என்னத்தைக் காட்டுவது என்றீர்கள். இடுப்புக்குப் பட்டி கட்டினீர்கள். நோவுக்குக் குளிசை போட்டீர்கள். சீசன் முடிய மொண்டெல்லோவில் கடற்கரைக் கொட்டில்களின் பலகை தூக்கப் போனீர்கள், அந்த முதுகோடு. குளிசை காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, மத்தியானம் ஒன்று, இரவில் இரண்டு. வைகாசியில் ஒரு காலை வேலைக்கு வெளிக்கிட்டு, குளியலறையில் கறுப்பாய் இரத்தம் சத்தியெடுத்து விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில், குளிசைகளால் வந்த வயிற்றுப்புண் வெடித்தது என்றார்கள். படம் எடுத்த மருத்துவர்தான் முதுகையும் கண்டவர். “இந்த எலும்பு எப்ப உடைஞ்சது?” என்று அக்காவைக் கேட்டார். அக்காவுக்கு உடைந்தது என்றே அன்றைக்குத்தான் தெரியும்.

மரணச் சான்றிதழில் வயிறு மட்டும்தான் இருக்கிறது. டொத்தோரே மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதிலும் ஜொவாண்ணி.

வியா மக்வேதாவுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் பத்ரொனாத்தோவில், தொழிலாளருக்குப் பத்திரம் எழுதிக்கொடுக்கிற சிஞ்ஞோரா ஒருத்தி, அந்த முதுகுப் படத்தைப் பார்த்துவிட்டு அக்காவுக்காக ஒரு மனு போட்டிருக்கிறாள். வேலையில் பட்ட காயம், அதனால் வந்த சாவு என்று. கிடைத்தால் அபி படித்து முடிக்கும்வரைக்கும் ஒரு பிடி இருக்கும். அதைவிட, நீங்கள் எதனால் செத்தீர்கள் என்று ஒரு தாளில் சரியாக எழுதப்படும். ஹோட்டல் பதில் அனுப்பியிருக்கிறது: வண்டி எப்போதும் நல்ல நிலையில் இருந்தது, ஓட்டியவர் ஒருநாளும் முறைப்பாடு செய்யவில்லை. “இவையள் சொல்லுறது பொய் எண்டு காட்ட ஏதாவது வேணும்,” என்றாள் அந்தச் சிஞ்ஞோரா. “வாயால சொன்னதுக்குச் சாட்சி இல்லை.”

சாட்சி என் மேசைக்குக் கீழே கிடக்கிறது. நாலு செத்த ஷொக், சாக்கில் சுற்றி. அவற்றைக் கொடுத்தால் எண்ணெய் கசிந்தது தெரியும், வண்டி எந்த நிலையில் இருந்தது என்று தெரியும். கடைசிப் புரிக்கு இளக்கின வளையமும் தெரியும். ஆர் இளக்கினது என்றுதான் முதல் கேள்வி வரும். சால்வோ அதைச் சொன்னார். “ஹோட்டல்காரன் அதைத்தான் பிடிப்பான். ஓட்டினவன் தன்ர சொந்தக்காரியை வைச்சு வண்டியைக் குழப்பினவன் எண்டுவான். பிறகு அவன்ர வண்டி ஒண்டும் இந்தக் கராஜுக்கு வராது. அவன்ர மினிபஸ், குவாட் பைக் எல்லாம் போனா நான் உனக்கு என்ன வேலை தாறது?”

அவர் கெட்டவர் இல்லை அத்தான். பயந்தவர். எனக்கும் பெர்மெஸ்ஸோ இருக்கிறது, அதுவும் ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் புதுப்பிக்கிறார்கள். உங்களுக்கு இருந்த அதே கயிறு.

புது ஷொக்கைப் பூட்டினேன். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன். உங்கள் இடத்துக்கு லமீன் என்று ஒரு காம்பியாக்காரர் எடுபட்டிருக்கிறார், உங்களைவிட உயரம், உங்களைவிட மெலிவு. வண்டியை ஏற்றிப்போக வந்தவரை விடவில்லை. இருக்கையில் ஏற்றினேன். பின்னால் சால்வோவை விருந்தாளியாக இருத்தினேன். பின்தட்டில் இரண்டு கார் பற்றரி. வெறும் வண்டியின் உயரத்தை முதலே அளந்து சோக்கட்டியால் குறித்திருந்தேன்; பாரம் ஏறினபிறகு மறுபடி அளந்து, அமுங்கக்கூடிய தூரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அமுங்காமல் வரும்வரை வளையத்தை இறுக்கினேன். சால்வோ பெரிய சீமான் மாதிரிக் கால்மேல் கால் போட்டு, “ஜொவாண்ணி, மெதுவா ஓட்டு, நான் மிலானோ,” என்றார். லமீன் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

“இறுக்கமா இருக்கா?” என்று லமீனைக் கேட்டேன்.

“வபேனே.”

“கொஞ்சம் இளக்கவா?”

“வபேனே.”

“சாவியால உம்மட மண்டையில ஒண்டு போடவா?”

“வபே... இல்லை.”

எல்லாவற்றுக்கும் நல்லம், நல்லம். எனக்கு உங்களைப் பார்ப்பது மாதிரி இருந்தது. அவர் தோளைப் பிடித்து அசைத்து, வண்டியில் மூன்றுமுறை ஏற்றி இறக்கி, கடைசியில் அவர் வாயால் “முன்னுக்குக் கொஞ்சம் கடினம்” என்று சொல்லவைத்தேன். முன் குமிழை இரண்டு சொடுக்கு இளக்கினேன். அதற்கு அரைமணித்தியாலம். ஒரு மனிதனிடம் தனக்கு என்ன செய்கிறது என்று கேட்டுவாங்க அவ்வளவு நேரம்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போனேன்.

அக்கா அபியின் பள்ளிக்கூட மேலங்கியை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றாள். சொல்லவேண்டிய மாதிரியெல்லாம் வழியில் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. “அத்தான்ர வண்டியை மாசியில நான்தான் பிழையா இளக்கினனான்,” என்று நின்ற நிலையிலேயே சொன்னேன். “அதாலதான் அந்த அடி அவ்வளவு பட்டது.”

அவள் அயர்னை நிமிர்த்தி வைத்தாள்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீ இளக்கினாப் பிறகு கூடிப்போச்செண்டு தெரியும். அவர் சொன்னவர்.”

அத்தான், நீங்கள் வெண்ணெய் என்றுதானே சொன்னீர்கள். அதற்குப் பிறகும் நான் ஒவ்வொரு கிழமையும் “வண்டி எப்பிடி?” என்று கேட்டேனே. கட்டைவிரல் அனுப்பினீர்களே.

அக்கா சொன்னாள், நாங்கள் வந்துபோய் இரண்டாம் நாளே உங்களுக்குத் தெரிந்துவிட்டதாம். ஆள் ஏறினால் அடியில் போய் முட்டுது என்றீர்களாம். அக்கா “அப்ப அவளிட்டச் சொல்லுங்கோவன், வந்து இறுக்கிவிடுவாள்தானே” என்றாளாம். நீங்கள் சொன்ன பதிலை அக்கா உங்கள் குரலிலேயே சொன்னாள்:

“சீ, அவள் கை தோலுரிய ஆசையாச் செய்தது. பெண் எடுத்த வீட்டுப் பிள்ளை செய்துதந்ததுக்குக் குறை சொல்லுறதே? இருக்கட்டும்.”

இருக்கட்டும்.

கலியாணவீட்டுச் சோற்றில் உப்பில்லை என்று சம்பந்திகளிடம் சொல்லமாட்டோம். மச்சாள்காரி தைத்துத்தந்த சட்டை இறுக்கினால் மூச்சை அடக்கிக்கொண்டு போடுவோம். அந்த மரியாதையை ஒரு ஷொக் அப்சோர்பருக்குக் கொடுத்த மனிதன் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். டொத்தோரேயிடம் இரண்டு வருடம் கேட்ட வாய்க்கு, என்னிடம் ஒரு வசனம் வரவில்லையா? அரைமணித்தியாலத்தில் பேருந்து ஏறியிருப்பேனே. என்னிடம் இருந்த அந்தச் சாவியோடு, அரைநாள் வேலை.

உங்களில் எனக்குக் கோபம் வந்தது. செத்த ஆளில் கோபப்படக்கூடாது என்பார்கள். நான் பட்டேன். அக்காவின் சமையலறையில் நின்று சத்தம்போட்டு அழுதேன், “பைத்தியக்கார மனுசன், பைத்தியக்கார மனுசன்” என்று. அக்கா என்னைப் பிடிக்கவில்லை, தடுக்கவில்லை. அவளும் ஒன்று சொன்னாள்.

“நான் மட்டும் என்ன? சீசன் முடியட்டும், பிறகு டொக்டரிட்டப் போங்கோ எண்டு நானும்தான் சொன்னனான். அவருக்குக் குளிசை வாங்கிக் குடுத்ததும் நான்தான்.”

மேலங்கியின் ஒரு கை அயர்ன் ஆகாமல் தொங்கியது.

ஷொக் என்னிடம் இருப்பதைச் சொன்னேன். கொடுக்கப்போகிறேன் என்றேன். அக்கா உடனே தலையாட்டினாள், வேண்டாம் என்று.

“உன்ர வேலை போகும். நீ குற்றம் ஏற்க வேண்டிவந்தா? எனக்கு ஆளும் இல்லை, நீயும் இல்லையெண்டா நான் என்ன செய்யிறது? இருக்கட்டும் துஷி.”

“அக்கா, அந்தச் சொல்லை இனி இந்த வீட்டில சொல்லாதை.”

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன், பத்து வயதில் அடித்ததுபோல. கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

“பொய்யா ஒண்டும் எழுதாதை,” என்றாள் பிறகு. “அவரை நல்லவராக்கிறதுக்கும் எழுதாதை. எண்ணெய் எப்ப போனது, ஆர் கேட்டது, ஆர் மாட்டன் எண்டது, நீ என்ன செய்தனி. நடந்ததை நடந்தபடி. அந்தச் சிஞ்ஞோரா எத்தினை மணிக்கு வருவா?”

“ஒன்பதுக்கு.”

“நானும் வாறன். அவ்வளவு இரும்பையும் நீ தனியத் தூக்கேலாது.”

சால்வோவிடமும் சொல்லிவிட்டேன். அவர் எதிலும் கையெழுத்து வைக்கமாட்டாராம். ஆனால் என்றைக்குக் கழற்றினது, எப்படி இருந்தது என்று ஆரும் வந்து கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டாராம். அவ்வளவுதான் அவரால் முடியும். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கராஜில் எனக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெல்லுமா? அந்தச் சிஞ்ஞோரா உறுதி தரவில்லை. ஹோட்டலுக்கு வக்கீல் இருக்கிறார். என் இளக்கின வளையத்தைக் காட்டி, எல்லாம் இந்தப் பெட்டையின் பிழை என்று முடிக்கவும் கூடும். முடிக்கட்டும். என் பங்கை நான் எடுத்துக்கொண்டால் அவரவர் பங்கு மேசையில் மிஞ்சும், அதை எடுக்க ஆட்கள் வரத்தான் வேண்டும். செத்த ஷொக்கை இரண்டு வருடம் ஓடவிட்டது நான் இல்லை. நோகுது என்று எழுதினால் வேலை போகும் என்ற சட்டத்தைச் செய்தது நீங்கள் இல்லை.

வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டேன் அத்தான். இத்தாலிய மொழியில், ஒன்றரைப் பக்கம். முதல் வரியிலேயே, வண்டியின் ஸ்பிரிங்கை இளக்கியவள் நான், இன்னார், இன்ன உறவு என்று இருக்கிறது. உங்கள் பெயரை யோகன் என்று, எழுத்துப் பிசகாமல், ஏழு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு நானும் அக்காவும் அதைக் கொண்டுபோய்க் கொடுப்போம். இது உங்களுக்குத் தருகிற சொல். இன்னொன்றும் தருகிறேன்: மலையில் பனி விழுந்த நாளில் இருந்து சீசன் முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் லமீனுக்குத் தொலைபேசி எடுப்பேன். முதுகு எப்படி என்று கேட்பேன். வபேனே என்றால் விடமாட்டேன், இரண்டாம் முறை கேட்பேன், மூன்றாம் முறையும் கேட்பேன். உங்களிடம் கிழமைக்கு ஒருமுறை மட்டும் கேட்டு, ஒரு கட்டைவிரலோடு திருப்திப்பட்டவள் நான்.

உங்கள் வீட்டுக்குப் பெண் தந்த வீட்டுப் பிள்ளை,
குறை சொல்லியிருந்தாலும் கோபித்திருக்காத மச்சாள்,
துஷி